கணக்கு ஒப்புவிக்கும் பிள்ளைகள்



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தவுடன் சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரே கேள்விதான் எழும்புகிறது: எம்.பி.சி.யா, பை.பி.சி.யா? ஆந்திர இன்டர்மீடியட் படிப்பில் சி.இ.சி., எம்.இ.சி. என்னும் வணிகவியல் பிரிவுகளும் உண்டு. அவை மதிப்பெண் குறைந்த பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட மூலை என்பது நம்மிடையே ஊறிப்போன தவறான எண்ணம்.

சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருப்பதிக்குக் குடிபெயர்ந்த சகோதரி ஒருவர் ஜெபக்கூட்டம் முடிந்தபின் என்னிடம் வந்தார். “ஐயா, என் மகள் எம்.இ.சி. படிக்க விரும்புகிறாள். கணக்குப்பிள்ளை வேலைக்காகவா ஊரை விட்டு வந்தோம் என்று அவள் அப்பா கோபிக்கிறார்” என்றார். அந்தத் தகப்பனின் கோபத்தை நான் குறைகூறமாட்டேன். தம் வியர்வைக்குத் தக்க பலனை அவர் எதிர்பார்க்கிறார். ஆனால் கணக்கு வேலை இன்று எங்கெல்லாம் இருக்கிறது என்பதை அவருக்கு ஒருவரும் எடுத்துரைக்கவில்லை.

சித்தூர் வட்டாரத்து மாங்கூழ்த் தொழிற்சாலைகள், திருப்பதியின் விடுதிகள், சத்தியவேடு அருகிலுள்ள ஸ்ரீசிட்டியின் நிறுவனங்கள் ஆகிய யாவற்றிற்கும் கணக்கர் தேவை. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. இப்போது மாதந்தோறும் தாக்கல் செய்யும் வணிகர் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்தையும் 20ஆம் தேதிக்குள் வரியையும் செலுத்தியாக வேண்டும். பி.காம். பட்டத்தோடு டாலியும் ஜி.எஸ்.டி.யும் கற்ற பிள்ளைக்கு முதல் வேலையின் கதவு பெரும்பாலும் இவ்வழியாகவே திறக்கிறது.

இதற்கு மேலான படி பட்டயக் கணக்காளர், அதாவது சி.ஏ. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைந்த நிறுவனம் இதை நடத்துகிறது. பத்தாம் வகுப்பு முடித்தவர் தற்காலிகமாகப் பதிவு செய்துகொண்டு, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஃபவுண்டேஷன் தேர்வை எழுதலாம். நான்கு தாள்கள், ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் நூற்றுக்கு 50 வேண்டும். 2024 முதல் ஆண்டுக்கு மூன்று முறை தேர்வு நடைபெறுகிறது. பின்பு இன்டர்மீடியட், உதவித்தொகையோடு இரண்டாண்டு அலுவலகப் பயிற்சி, இறுதித் தேர்வு. எளிது என்று சொல்லி உங்களை ஏமாற்றமாட்டேன். 2024 ஜூன் ஃபவுண்டேஷன் தேர்வில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவிலேயே தேறினார்கள். தமிழிலோ தெலுங்கிலோ எழுத இயலாது. ஆங்கிலம் அல்லது இந்திதான். ஆகவே ஆங்கிலத்தை ஒன்பதாம் வகுப்பிலேயே கவனியுங்கள். பி.காம்.மில் 55 விழுக்காடு பெற்றவர்கள் ஃபவுண்டேஷன் எழுதாமலே அடுத்த படியில் சேரும் வழியும் உண்டு.

வேதத்தில் கணக்கு அற்பமான காரியமாக எண்ணப்படவில்லை. எகிப்தின் விளைச்சலில் ஐந்திலொரு பங்கைச் சேர்த்துவைக்கும்படி யோசேப்பு சொன்ன ஆலோசனை ஒரு தேசத்தையே பஞ்சத்திலிருந்து காத்தது. எருசலேமின் ஏழைகளுக்கான காணிக்கையைப் பவுல் தனியே கையாளவில்லை. எவரும் குற்றஞ்சொல்ல இடமிராதபடி வேறு சகோதரரையும் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8). நம் சபைகளின் பொருளாளர்கள் அந்த அதிகாரத்தை அடிக்கடி வாசிப்பது நலம்.

அந்தப் பெண்பிள்ளையிடம் நான் ஒன்றுதான் சொன்னேன்: “மூன்று மாதம் வீட்டு வரவுசெலவை எழுது மகளே, பிறகு அப்பாவிடம் காட்டு.” அவள் எழுதினாள். திருப்பதிக்கு வந்தபோது வீட்டு முன்பணத்துக்காக 50,000 ரூபாயை மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தார்கள். மூன்று ரூபாய் என்றால் சிறிதாகத்தான் தோன்றும். அது நூற்றுக்கு மாதம் மூன்று, ஆண்டுக்கு 36. மாதம் 1,500 வீதம் இரண்டு வருடத்தில் 36,000 கட்டியிருந்தார்கள். அசலில் ஒரு ரூபாயும் குறையவில்லை. அந்தத் தகப்பன் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசவில்லையாம்.

நகை அணியாத குடும்பமாயினும் பாட்டி கொடுத்த சங்கிலி ஒன்று பெட்டியில் கிடந்தது. அதை வங்கியில் அடகுவைத்து அந்தக் கடனைத் தீர்த்தார்கள். வங்கியின் நகைக்கடன் வட்டி, அவர்கள் கட்டிவந்ததில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு.

பிள்ளைகளே, பத்து வயது நிறைந்தவர் தம் பெயரிலேயே வங்கியில் சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்த ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. வங்கி வைப்புக்கு, ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை 2020 பிப்ரவரி முதல் காப்பீடு உண்டு. அதிக லாபம் தருவதாக வரும் திட்டங்களுக்கு இப்பாதுகாப்பு இல்லை. விஜயவாடாவைச் சேர்ந்த அக்ரிகோல்டு நிறுவனம், முகவர்கள் மூலம் சுமார் 32 லட்சம் கணக்குகளில் 6,380 கோடி ரூபாய் அளவுக்குத் திரட்டிவிட்டுத் திருப்பித் தராமற்போனதை ஆந்திரத்தில் அறியாதவர் இல்லை. முகவர் தெரிந்தவராயிற்றே, ஒரே சபையாயிற்றே என்று கையெழுத்திடாதிருங்கள். கேட்க வேண்டியதைக் கேட்பது அவிசுவாசம் ஆகாது.

அந்த மகள் இப்பொழுது எம்.இ.சி. முதலாமாண்டு படிக்கிறாள். சென்ற மாதம் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். வங்கிக் கடனில் 14,000 பாக்கி. தசமபாகத்துக்குத் தனிப் பத்தி. அப்பாவின் டீச் செலவுக்கு எதிரே ஒரு கேள்விக்குறி.