விரல் ரேகையில் மூளையைத் தேடுவோர்

வைத்தீஸ்வரன்கோயிலில் நாடி ஜோதிடம் பார்க்கச் செல்பவரிடம் முதலில் வாங்கப்படுவது கட்டைவிரல் ரேகை. ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை. சிதம்பரத்திலிருந்து கொள்ளிடத்தைக் கடந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சென்றால் வந்துவிடும் அந்த ஊருக்கு நம்மவர்கள் போவதில்லை. போனாலும் வெளியே சொல்வதில்லை. குறிகாரனிடம் சென்று கேட்பவரின் தொழுகை நாற்பது இரவுகளுக்கு ஏற்கப்படாது என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள நபிமொழியை ஜும்ஆ மேடைகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாட்டிமார் காலத்துப் பால்கிதாபையும் கண்டித்து ஒதுக்கினோம்.

அதே விரல் ரேகையைக் கணினியில் பதிந்து, 'மூளைத் திறன் அறிக்கை' என்று வண்ணத்தாளில் அச்சிட்டுத் தந்தால் மட்டும் ஆயிரக்கணக்கில் பணம் கட்டி வாங்குகிறோமே, அது எப்படி?

டி.எம்.ஐ.டி. என்ற பெயரில் பள்ளிகளைச் சுற்றி வரும் சோதனையைத்தான் சொல்கிறேன். குழந்தையின் பத்து விரல்களையும் பதிவு செய்கிறார்கள். ஒவ்வொரு விரலும் மூளையின் ஒரு பகுதிக்கு உரியது என்கிறார்கள். சுழி, வளைவு, வரிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு, இவன் மருத்துவனாவான், இவளுக்குக் கணிதம் வராது என்று எழுதிக் கொடுக்கிறார்கள். இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் அறிவித்துவிட்டது. ஆயினும் வியாபாரம் நிற்கவில்லை.

அவர்கள் முன்வைக்கும் வாதம் இதுதான்: தோலும் மூளையும் கருவின் ஒரே வெளியடுக்கிலிருந்து உருவாகின்றன, ஆகவே ஒன்றைப் படித்தால் மற்றதை அறியலாம். முதற்பாதி உண்மை. ஆனால் தலைமயிரும் நகமும் அதே அடுக்கிலிருந்துதான் உருவாகின்றன. நாவிதர் கடையில் கூட்டித் தள்ளும் மயிரை வைத்து எவரும் ஐ.ஏ.எஸ். தேர்வின் முடிவைச் சொல்வதில்லையே! ரேகையியல் என்பது மெய்யான ஒரு துறை. 1926இல் ஹெரால்டு கம்மின்ஸ் அதற்கு ஆங்கிலப் பெயரிட்டார். டௌன் நோய்க்குறி போன்ற சில பிறவி நிலைகளில் உள்ளங்கைக் கோடுகள் மாறுபட்டிருப்பதையும் அத்துறை கண்டறிந்தது. அங்கிருந்து, பிள்ளை பாடுவானா வழக்காடுவானா என்று சொல்வதற்கு எந்தப் பாலமும் கிடையாது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். விரல் ரேகை தாயின் வயிற்றிலேயே நிலைபெற்று, சாகும்வரை மாறாதது. மூளையோ கற்கக் கற்க மாறுவது. லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் ஆயிரக்கணக்கான தெருக்களை மனத்தில் ஏற்றுபவர்கள். அவர்களின் மூளையில் இட நினைவுக்குரிய பகுதியின் பின்புறம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்ததையும், தொழிலில் கழித்த ஆண்டுகளுக்கு ஏற்ப அது கூடியிருந்ததையும் 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. குர்ஆனை மனனம் செய்யும் லால்பேட்டைச் சிறுவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முதல் ஜுஸ்உவில் திக்கித் திணறியவன் பத்தாவதில் எப்படி ஓடுகிறான் என்பதை உஸ்தாதுகள் நாள்தோறும் பார்க்கிறார்கள். மாறாத ஒன்றைப் பார்த்து, மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை எப்படி அளப்பது?

"எங்கள் பிள்ளைக்கு அப்படியே பொருந்தியிருக்கிறதே" என்பார்கள். பொருந்தத்தான் செய்யும். 1948இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை நடத்தி, ஆளுக்கொரு அறிக்கை தந்தார். எவ்வளவு துல்லியம் என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார், சராசரி 4.26 வந்தது. அனைவருக்கும் அவர் தந்தது ஒரே அறிக்கை. அதன் வாசகங்களைப் பெரும்பாலும் ஒரு ஜோதிட நூலிலிருந்து எடுத்திருந்தார்! உறவினர் ஒருவர் தம் மகளின் அறிக்கையை என்னிடம் காட்டினார். ஊக்கம் தந்தால் சிறப்பாகச் செயல்படுவாள், சில வேளைகளில் கவனம் சிதறும் என்றிருந்தது. கவனம் சிதறாத ஏழு வயதுக் குழந்தையை எந்தத் தெருவில் பார்த்திருக்கிறீர்கள்?

உண்மையான நரம்பியல் மிகுந்த அடக்கத்துடன் பேசுகிறது. 2008இல் ஜான் டிலன் ஹைன்ஸ் குழுவினர் ஜெர்மனியில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒருவர் இடப்புறப் பொத்தானை அழுத்துவாரா, வலப்புறத்தையா என்பதை, அவர் முடிவெடுத்ததாக உணர்வதற்குச் சில நொடிகள் முன்னரே மூளைப்படத்தில் ஊகிக்க முயன்றனர். உலகமே வியந்த அந்த ஊகம் ஏறத்தாழ நூற்றுக்கு 60 முறைதான் சரியாக இருந்தது. காசைச் சுண்டினாலே 50 கிடைக்கும். பெரும் காந்தக் கருவிக்குள் ஆளைப் படுக்கவைத்து, சில நொடிகளுக்கு, இரண்டே பொத்தான்களுக்கு அறிவியல் சொல்ல முடிந்தது இவ்வளவே. இவர்களோ மேசையளவு இயந்திரத்தில் இருபது ஆண்டுகளுக்குப் பிந்தியதைச் சொல்கிறார்கள்!

"அப்படியானால் வானிலை அறிக்கையும் மறைவான ஞானம்தானா?" என்று மடக்குவோர் உண்டு. இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைச் சிதைத்ததற்கு முன்பு வந்த எச்சரிக்கை, காற்றையும் கடலையும் அளந்து காரணங்களிலிருந்து கணித்தது. அது பொய்த்தால் மறுநாளே தெரிந்துவிடும். அத்தகைய கணிப்பை மார்க்கம் தடுக்கவில்லை. ரேகை அறிக்கையோ பொய்த்தாலும் எவருக்கும் தெரியாது. அதற்குள் பிள்ளையைப் பாடப்பிரிவு மாற்றிச் சேர்த்திருப்பீர்கள்.

கணிதம் வராது என்று ஏழு வயதில் முத்திரை குத்தப்பட்டவள், பத்து வயதில் ஒரு கணக்குத் தவறினாலும் தன் விரலைப் பார்த்துக்கொள்வாள். நாளை தான் என்ன சம்பாதிக்கும் என்பதை எந்த ஆத்மாவும் அறியாது என்ற கருத்து லுக்மான் அத்தியாயத்தின் இறுதி வசனத்தில் உள்ளது. விதி எழுதப்பட்டதென்றால் செயல் எதற்கு என்று தோழர்கள் கேட்டபோது, செயல்படுங்கள் என்றே நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். நாமோ எழுதப்பட்டதை வாசித்துவிட்டதாகச் சொல்லும் வியாபாரியை நம்பி, செயலை நிறுத்துகிறோம்.

அடுத்தமுறை உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு இவர்கள் வந்தால், ஒரே குழந்தையின் ரேகையைப் பெயரை மறைத்து இரு வேறு மையங்களுக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேளுங்கள். இரு அறிக்கைகளையும் தலைமையாசிரியர் முன்னிலையில் பிரிக்கட்டும். கட்டணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.