தளராத கையும் தளர்ந்த காடும்

எழுபது வயதைக் கடந்த பின்னும் தோளில் துப்பாக்கியைச் சுமந்து, மானைத் தேடிக் காடு புகும் முதியவரைப் பற்றிப் பேசும்போது நம்மவர் குரலில் ஒரு பெருமிதம் தானே ஏறிவிடுகிறது. "இந்த வயதிலும் அவர் கை நடுங்கவில்லை" என்கிறோம். "ஐம்பது ஆண்டு வேட்டை, குறி தவறியதே இல்லை" என்கிறோம். ஈப்போவின் தேநீர்க் கடைகளிலும், திருமணப் பந்தல்களிலும், கருமக்கிரியை முடிந்து உறவினர் கூடியிருக்கும் வேளைகளிலும் இத்தகைய புகழுரைகளைக் கேளாதவர் பேராக்கில் குறைவு. அவர் கை தளரவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் காடு தளர்ந்துவிட்டதே, அதனை யார் கணக்கில் கொள்வது?

வாழ்நாளெல்லாம் மான் வேட்டையாடியவர் முதுமையிலும் அதனைத் தொடர்வது போற்றுதற்குரிய செயலன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு. நம் மூத்தோர்பால் மதிப்பின்றி இதனைக் கூறவில்லை. அவர்களிடமுள்ள அரிய செல்வம் துப்பாக்கி அல்ல என்பதனை அவர்களும் நாமும் உணர வேண்டும் என்னும் ஆவலாலேயே கூறுகிறோம்.

முதலில் நீதி வழங்க வேண்டியவர்க்கு நீதி வழங்குவோம். 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் நாற்றுகள் நடப்பட்டன. அவற்றின் வழிவந்த மரங்கள் பின்னர்க் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஓரங்களிலும், சுங்கை சிப்புட்டிலும், தாப்பாவிலும் காட்டைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு முன்னேறின. அந்த எல்லைக்கோட்டில் குடியமர்த்தப்பட்டவர் நம் முன்னோர். லயத்தின் கடைசி வீட்டிற்கும் காட்டின் முதல் மரத்திற்கும் இடையே சில நிரைப் பால்மரங்களே நின்ற தோட்டங்கள் பல. அந்திப்பொழுதில் கீஜாங் குரைக்கும் ஓசை வீட்டுத் திண்ணைக்கே கேட்கும். கூலியோ கைக்கும் வாய்க்கும் எட்டாதது. குழம்புச் சட்டியில் கருவாடு அன்றி வேறு காண்பது அரிது. துப்பாக்கி உரிமம் பெற்றவர் மிகச் சிலர். ஏனையோர் நாயோடும் ஈட்டியோடும் கண்ணியோடும் ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுக்குள் சென்றனர். கிடைத்த பன்றியோ மானோ லயம் முழுதும் பங்காகச் சென்றது. பால்குடிப் பிள்ளைக்காரிக்கும் நோயாளிக்கும் ஒரு பங்கு தனியே வைக்கப்பட்டது. அந்த வேட்டை பசியின் வேட்டை. அதனைப் பழிக்க நமக்குத் தகுதியில்லை.

1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. காட்டோரம் ஆபத்தின் எல்லையாயிற்று. வேலியும் ஊரடங்கும் வந்தன. காட்டில் காலடி வைப்பவன் எத்தரப்பின் தோட்டாவுக்கு இரையாவான் என்று அறிய முடியாத நிலை. 1960ஆம் ஆண்டு அவசரகாலம் முடிவுற்ற பின்னர்தான் பழைய காட்டுவழிகளில் மனிதர் மீண்டும் அச்சமின்றி நடந்தனர். இன்று முதியோராய் இருக்கும் வேட்டையாளர் பலர் அந்தத் தலைமுறையின் சிறுவர்களே.

அதன்பின் நிகழ்ந்தது என்ன? தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் வீழ்ந்து செம்பனை எழுந்தது. செம்பனையும் வீழ்ந்து வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. லயத்து மக்கள் புந்தோங்கிற்கும் ஈப்போவின் பிற புறநகர்களுக்கும் பெயர்ந்தனர். வேட்டைக்காரர் காட்டோரத்தை விட்டு வந்துவிட்டார்; வேட்டை மட்டும் அவரோடு நகருக்கு வந்துவிட்டது. 1982ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையும், வெட்டுமர லாரிகள் திறந்த செம்மண் பாதைகளும், முன்னொரு காலத்தில் மூன்று நாள் நடையில் எட்டிய காட்டை ஓர் இரவுப் பயணத்தில் எட்டச் செய்தன. நான்கு சக்கர வண்டி, கண்ணைக் கூசச் செய்யும் மின்விளக்கு, பனிக்கட்டி நிரப்பிய பெட்டி, கிலோக்கணக்கில் விலைபேசும் கைப்பேசி ஆகியவை சேர்ந்தன. விளக்கொளியில் திகைத்து அசையாது நிற்கும் மானைச் சுடுவதில் என்ன வீரம் இருக்கிறது? அதனை வேட்டை என்பதைவிடக் கொலை என்பதே பொருந்தும். பழைய வேட்டைக்கும் இதற்கும் பெயர் ஒன்றே தவிர உறவில்லை.

மானின் நிலையை இனிக் காண்போம். நாம் ரூசா என்று அழைக்கும் கடமான் இந்நாட்டு மான்களில் பெரியது. முதிர்ந்த ஆண் 200 கிலோவை எட்டும். அதன் பெண் ஏறத்தாழ எட்டு மாதம் சுமந்து, பெரும்பாலும் ஒரே ஒரு கன்றை ஈனும். பன்றியைப் போல் ஒரே ஈற்றில் பல குட்டிகளைப் பெற்று இழப்பை ஈடுசெய்யும் இயல்பு அதற்கில்லை. உப்புச்சுவை தேடி உவர்நிலங்களுக்கு வருவது அதன் வழக்கம். அந்த வழக்கமே அதற்குக் கேடாய் முடிந்தது. எங்கு வரும், எப்பொழுது வரும் என்று அறிந்த ஒருவர் அங்குக் காத்திருந்தால் போதும். ஒரு வட்டாரத்தின் மான்கள் அனைத்தும் தாமே அவர் முன் வந்து நிற்கும்.

இதன் விளைவாகவே, பெர்ஹிலித்தான் என்று நாம் அறிந்த வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை 2009ஆம் ஆண்டு கடமானையும் கீஜாங்கையும் வேட்டையாடுவதற்குத் தற்காலிகத் தடை விதித்து, பின்னர் அத்தடையை நீட்டித்தது. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கண்ணி வைப்பதைக் குற்றமாக்கியது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் தண்டனைகளை மேலும் கடுமையாக்கியது.

மானின் கதை மானோடு முடிவதில்லை. ஒரு புலி உயிர்வாழ, மான் அளவிலான விலங்குகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 தேவை. 1950களில் தீபகற்ப மலேசியக் காடுகளில் 3,000 புலிகள் வரை இருந்ததாக மதிப்பிட்டனர். 2016 முதல் 2020 வரை நடைபெற்ற முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்போ 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியுள்ளன என்று கூறியது. அவற்றின் கடைசிப் புகலிடங்களுள் ஒன்று நம் பேராக்கின் வடகோடியில் உள்ள பெலும் தெமெங்கோர்க் காடு. அரச பெலும் மாநிலப் பூங்கா 2007ஆம் ஆண்டு அரசிதழில் அறிவிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டுக்குப் பின் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தீபகற்பத்தில் பரவிக் காட்டுப்பன்றிகளையும் தாக்கியது. பன்றியும் குறைந்து மானும் குறைந்தால் புலி எதைத் தின்னும்? புலியைச் சுட்டவன் மட்டுமே புலியைக் கொன்றவன் என்று எண்ணுவது பேதைமை. அதன் உணவைச் சுட்டவனும் அக்கொலையில் பங்காளியே.

இவ்வளவும் கேட்ட பின் வேட்டையாளர் தரப்பில் எழும் மறுமொழிகளைப் புறக்கணிப்பது முறையன்று. அவை நான்கு.

"வெள்ளைக்காரன் சுட்டதில் நாங்கள் சுட்டது எத்தனை விழுக்காடு?" என்பது முதல் மறுமொழி. இதில் உண்மை உண்டு. துரை சுட்டால் அது விளையாட்டு, தொழிலாளி கண்ணி வைத்தால் அது திருட்டு என்று எழுதப்பட்ட காலம் அது. ஜார்ஜ் மேக்ஸ்வெல் என்னும் ஆங்கில அதிகாரி 1907ஆம் ஆண்டு வெளியிட்ட மலாய்க் காடுகள் பற்றிய நூலில் காண்டாமிருக வேட்டையும் பேசப்படுகிறது. இன்று அந்தக் காண்டாமிருகம் எங்கே? மலேசியாவின் கடைசிச் சுமத்திராக் காண்டாமிருகம் 2019ஆம் ஆண்டு மாண்டது. துரைமார் செய்த தவற்றை எடுத்துக்காட்டி அதே தவற்றைச் செய்ய உரிமை கோருவது என்ன வழக்கு? அவர்களுள்ளும் ஒருவர் வேறு வழி கண்டார். தியோடர் ஹபேக் என்பவர் யானையையும் செலாடாங்கையும் வேட்டையாடி அதுபற்றி நூலும் எழுதியவர். அவரே பின்னாளில் வனவிலங்கு ஆணையராகி, 1932ஆம் ஆண்டு மூன்று தொகுதிகளாக வெளிவந்த அறிக்கையின் வழி விலங்குகளுக்காக வழக்காடினார். இன்றைய தாமான் நெகாராவாகிய பெரும் பூங்கா உருவானதில் அவர் பங்கு பெரிது. துரைமாரிடம் பின்பற்றத்தக்கது ஏதேனும் உண்டெனில், ஹபேக்கின் பிற்கால வாழ்வே அது.

"பெருநிறுவனங்கள் மலைகளையே மொட்டையடிக்கின்றன, ஒற்றைத் துப்பாக்கி ஏந்திய கிழவனா காட்டை அழித்தான்?" என்பது இரண்டாவது. நான்கனுள் வலியது இதுவே. காடழிப்பின் முதற்பழி வெட்டுமரத் தொழிலுக்கும் தோட்ட முதலாளியத்திற்கும் உரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் மரங்கள் வானுயர நின்றும் அவற்றின் கீழே குளம்புச் சுவடு ஒன்றுகூட இல்லாத காடுகள் உள்ளன. அவற்றை வெறுமையாக்கியது வாளரம் அன்று. மேலும், காடழிப்பவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தக்கவர், அக்காட்டை அங்குலம் அங்குலமாக அறிந்த இம்முதியவர்களே. சாட்சிக் கூண்டில் ஏறுபவரின் கை தூய்மையாக இருக்க வேண்டாமா?

"ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான்" என்பது மூன்றாவது. மான் மிகுந்திருந்த நாளில் ஒன்று என்பது ஒன்றே. ஒரு பள்ளத்தாக்கில் நான்கே எஞ்சியிருக்கும் நாளில் ஒன்று என்பது நாலில் ஒரு பங்கு. எண் மாறவில்லை, அதன் பொருள் மாறிவிட்டது.

"வேட்டை நம் மரபு" என்பது நான்காவது. குறிஞ்சித் திணையைக் காட்டுவர், கண்ணப்பரைக் காட்டுவர். கண்ணப்பர் வேடரே, ஐயமில்லை. ஆனால் அவரை நாயன்மார் வரிசையில் வைத்தது அவர் எய்த அம்பா? தம் கண்ணைப் பெயர்த்து அப்பிய அன்பன்றோ! தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோவிலுக்குக் காவடி சுமந்து செல்லும் நம் மக்கள், அம்முருகனின் துணைவியாகிய வள்ளியை ஈன்றது ஒரு மான் என்பதனை அறியாதவரல்லர். வேடர் தலைவன் நம்பி, கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்த மானின் மகளைக் கண்டெடுத்துத் தன் மகளாக வளர்த்தான். வேடன் ஒருவன் மானுக்குச் செய்த பேருதவி நம் மரபிலேயே இருக்கிறது. மரபைக் காட்டுவோர் அதனை முழுதாகக் காட்டட்டும்.

இங்கு ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. ஒராங் அஸ்லி மக்கள் தம் உணவுக்காகச் சில விலங்குகளை வேட்டையாடச் சட்டமே இடமளிக்கிறது. காட்டை நம்பி வாழும் அவர்கள் நிலை வேறு. நகரில் ஓய்வூதியமும் பிள்ளைகளின் ஆதரவும் பெற்று வாழ்ந்தும் வார இறுதியில் வண்டியேறுபவர் நிலை வேறு. நாம் வாதிடுவது பின்னவரோடு மட்டுமே.

முதுமை என்பது என்ன? கண் மங்கும், செவி மந்தமாகும் என்பது உடலின் முதுமை. இருளில் ஒலியை நம்பி அம்பெய்த தசரதன், யானை என்று எண்ணி வீழ்த்தியது ஒரு முனிவரின் மகனை என்று இராமாயணம் சொல்லவில்லையா? விலங்கென்று எண்ணி உடன்வந்த மனிதரைச் சுட்ட செய்திகள் இந்நாட்டு நாளிதழ்களில் இன்றும் வருகின்றன. வேட்டை என்னும் இச்செயலைக் குறிக்கப் பழந்தமிழில் வழங்கும் வேட்டம் என்ற சொல்லுக்கு விருப்பம் என்னும் பொருளும் உண்டு. எத்தனை மான் வீழ்ந்தாலும் அந்த விருப்பம் தீர்வதில்லை. அதனை இன்னது போதும் என்று நிறுத்தக் கற்றுக்கொள்வதே உள்ளத்தின் முதுமை. அது வராமல் தலை மட்டும் நரைத்தால், அதனை நாம் ஏன் கொண்டாட வேண்டும்?

ஆகவே நம் மூத்த வேட்டையாளர்களை வேண்டிக் கேட்கிறோம். துப்பாக்கி உரிமத்தைப் புதுப்பிக்காமல் முறைப்படி ஒப்படையுங்கள். அதற்கு ஈடாக எங்களுக்கு ஒன்று தாருங்கள்: நீங்கள் அறிந்தவற்றை. தித்திவங்சா மலையடிவாரத்தில் எந்த ஓடையருகே உவர்நிலம் இருந்தது? எந்தத் தோட்டத்தின் பின்புறம் கடமான் கூட்டமாய் மேய்ந்தது? அந்தத் தோட்டம் இன்று எந்த வீடமைப்புப் பகுதியாயிற்று? கடைசிக் கொம்புமானை எந்த ஆண்டு கண்டீர்கள்? தோட்டங்களின் பெயர்களே மறைந்து வரும் இக்காலத்தில், அவற்றைச் சூழ்ந்திருந்த காடுகளின் வரலாறு எந்த அலுவலகக் கோப்பிலும் முழுமையாக இல்லை. அதன் பெரும்பகுதி உங்கள் நினைவில் இருக்கிறது. நீங்கள் மறைந்தால் அதுவும் உங்களோடு மறையும்.

எழுதுவோராகிய நமக்கும் இதில் கடமை உண்டு. வேட்டையாளரின் குறி தவறாமையைப் பாடியது போதும். ஒலிப்பதிவுக் கருவியோடும் குறிப்பேட்டோடும் அவர்தம் வீடுகளுக்குச் செல்வோம். எத்தனை கொன்றீர் என்று கேட்பதை விடுத்து, எத்தனை கண்டீர், எங்கே கண்டீர், எப்பொழுது முதல் காணவில்லை என்று கேட்டு எழுதுவோம். அவ்வாறு தொகுத்த ஏடு, காட்டை விற்க முனைவோர் முன்னால் வைக்கத்தக்க சான்றாகும். பேரப்பிள்ளைக்குத் தாத்தா விட்டுச் செல்லும் சொத்தாகச் சுவரில் மாட்டிய கொம்பைவிட அந்த ஏடே சிறந்தது. பெலும் காட்டில் இன்னும் மான்கள் எஞ்சியிருக்கின்றன. அவை எஞ்சியிருக்கும்போதே இப்பணியைத் தொடங்குவோம்.