உறுதி எழுதப்படாத உரிமை

தமிழின் முதற் பேசும்படம் எனப் போற்றப்படும் ‘காளிதாஸ்’ 1931இல் வந்தது. அதை அறியாதார் சிலரே. அதன் கதாநாயகி டி. பி. இராஜலட்சுமி 1936இல் ‘மிஸ் கமலா’ படத்தைத் தாமே எழுதித் தயாரித்து நெறிப்படுத்தினார் என்பதை எத்தனை பேர் அறிவர்? தென்னிந்தியத் திரையுலகின் முதற் பெண் நெறியாளர் அவரே.

நடித்ததை நினைவில் வைத்தோர் நெறிப்படுத்தியதை மறந்ததேன்? பெண்ணின் முகத்தைப் போற்றுவோர் அவள் ஆளுகையை ஏட்டில் எழுதத் தயங்குகின்றனர். உறுதி எழுதாத காணி பிறர் கைக்குப் போகும் என்பதை யாழ்ப்பாணத்தார்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை. பதியப்படாத சாதனையின் கதியும் அதுவே.

1824இல் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை கண்ட உடுவிலிலிருந்து கேட்கிறோம்: பாடநூல்களிலும் வாசிகசாலைகளிலும் இராஜலட்சுமியின் பெயர் நெறியாளர் என்றே பதியப்பட வேண்டும். அது நம் பெண்மக்களுக்குச் சேரவேண்டிய முதுசம்!