வட்டி யாருக்கு உழைக்கிறது?

“சேமியுங்கள், சேமியுங்கள் என்று தொழிலாளிக்கு உபதேசம் செய்கிறார்களே, வயிற்றுக்கே போதாத கூலியில் எதைச் சேமிப்பது? இது பணக்காரன் வீட்டுப் பாடம் அல்லவா?” என்று விழுப்புரத்தில் தோழர் ஒருவர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்விதான். கூலி உயர்வு கேட்கிறவனைப் பார்த்து, “நீ சிக்கனமாக இருந்தால் போதுமே” என்று புத்தி சொல்லுகிற முதலாளிகளை நாமும் பார்த்திருக்கிறோம். அந்தப் புத்திமதியை எடுத்துச் சொல்ல நாம் பேனாவை எடுக்கவில்லை.

நாம் சொல்ல வருவது வேறு. வட்டிக்கு வட்டி என்கிற கணக்கு, தொழிலாளி வீட்டில் ஏற்கெனவே இரவும் பகலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அது அவனுக்காக உழைக்கிறதா, அவனுக்கு எதிராக உழைக்கிறதா என்பதே கேள்வி.

நூறு ரூபாய்க்கு ஆண்டுக்குப் பத்து ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு முடிவில் 110. வட்டியை எடுக்காமல் விட்டால் அடுத்த ஆண்டு 110-க்கு வட்டி, ஆகவே 121. மூன்றாம் ஆண்டு 133 ரூபாய் 10 காசு. தனி வட்டியாக இருந்தால் 130-தான். “மூன்று ரூபாய் பத்துக் காசுதானே!” என்று அலட்சியமாகத் தோன்றும். ஆனால் முப்பது ஆண்டு கழித்துப் பாருங்கள். தனி வட்டியில் அந்த நூறு ரூபாய் 400 ஆகும். கூட்டு வட்டியில் 1,745 ஆகும்! வட்டி குட்டி போடும் என்று நம் பாட்டிமார் சொன்னதன் பொருள் இதுதான்.

எந்தத் தோழரும் மனக் கணக்காகப் போட எளிய வழி ஒன்று உண்டு. 72-ஐ ஆண்டு வட்டியால் வகுங்கள். எத்தனை ஆண்டில் பணம் இரு மடங்காகும் என்பது ஏறத்தாழ வந்துவிடும். 6 வட்டியில் பன்னிரண்டு ஆண்டு. 8 வட்டியில் ஒன்பது ஆண்டு. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், அதாவது ஊரில் சொல்லுகிற ‘மூன்று வட்டி’யில், இரண்டே ஆண்டு!

அஞ்சலகத்தில் பணம் இரு மடங்காகப் பல ஆண்டு காத்திருக்க வேண்டும். கடன்காரன் புத்தகத்திலோ இரண்டு ஆண்டில் இரு மடங்கு. பத்தாயிரம் ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கி, கட்ட முடியாத வட்டியை மாதாமாதம் முதலில் சேர்த்து எழுத விட்டால், ஐந்தாம் ஆண்டு முடிவில் ஏறத்தாழ 58,900 ரூபாய் நிற்கும். கணக்கு ஒன்றேதான். அது எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில்தான் வாழ்வும் தாழ்வும்.

தண்டல் கணக்கு

திண்டிவனத்தில் பேருந்து நின்றதும் கூடையோடு ஓடிவந்து கொய்யாவும் வெள்ளரிப்பிஞ்சும் வேர்க்கடலையும் விற்கிறார்களே, அவர்களில் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சரக்கு வாங்க முதல் வேண்டும். தண்டல்காரரிடம் போகிறார். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, 1,500-ஐப் பிடித்துக்கொண்டு, கையில் 8,500 கொடுக்கிறார். நாளுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும்.

“பதினைந்து விழுக்காடுதானே வட்டி?” என்று நினைப்பவர் ஏமாந்தார். முதல் நாளிலிருந்தே அசலும் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. நூறு நாளையும் சராசரி பார்த்தால் அவர் கையில் இருப்பது கொடுத்ததில் பாதிப் பணம்தான். அதற்கு நூறு நாளில் 1,500 ரூபாய் வட்டி. ஆண்டுக் கணக்கில் போட்டால் நூற்றுக்கு 120-க்குக் குறையாது! அரும்பாடுபட்டு வெயிலில் ஓடி விற்கிறவர், நாள்தோறும் பதினைந்து ரூபாயைத் தண்டல்காரருக்காகச் சம்பாதிக்கிறார். நூறு நாள் முடிந்ததும் கையில் முதல் இல்லை, மறுபடியும் தண்டல். இப்படியே ஆண்டுக்கு மூன்று சுற்று. பத்து ஆண்டு வியாபாரம் செய்தும் தனக்கென்று ஒரு கூடைச் சரக்குக்கு முதல் சேராத மர்மம் இதுதான். சோம்பலும் அல்ல, ஊதாரித்தனமும் அல்ல, வெறும் கணக்கு.

அதே 8,500 ரூபாயை ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆண்டுக்குப் 12 வட்டியில், அதே நூறு நாள் தவணையில் கொடுத்தால் வட்டி எவ்வளவு தெரியுமா? 150 ரூபாயைத் தாண்டாது. சுற்று ஒன்றுக்கு மிச்சம் 1,350 ரூபாய். அந்த மிச்சத்தை அவர் பெயரிலேயே சங்கத்தில் போட்டு வரட்டும். ஆறு சுற்றில், அதாவது அறுநூறு நாளில், 8,100 ரூபாய் சேரும். அதற்குரிய வட்டியும் சேர்ந்தால் 8,500-ஐ நெருங்கும். ஏழாவது சுற்றுக்கு அவர் யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. கூலி ஒரு காசு கூடாமலேயே முதல் பிறந்துவிட்டது. இதைப் பணக்காரன் வீட்டுப் பாடம் என்று தள்ளிவிட முடியுமா?

சட்டம் இல்லையா?

உண்டு. 1895-இல் சென்னை மாகாணத்தில் பிரடரிக் நிக்கல்சன் உழவர் கடனை ஆராய்ந்து, ஜெர்மனியின் ரைபைசன் வகைக் கூட்டுறவே வழி என்றார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. 1938-இல் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், வாங்கிய முதலைப் போல் இரு மடங்கு கட்டித் தீர்த்த உழவனின் பழைய கடன் அடியோடு தீர்ந்தது என்று சொன்னது. கூட்டு வட்டியின் கழுத்தில் போட்ட கயிறு அது. 2003-இல் தமிழ்நாட்டில் வந்த சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல், தின வட்டி ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடுத்தது. மூன்று ஆண்டு வரை சிறையும் முப்பதாயிரம் வரை அபராதமும் வைத்தது. அதற்குப் பின்னும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பம் கந்து வட்டிக் கொடுமை தாளாமல் தீக்கு இரையானதே! தண்டிக்கிற சட்டம் மட்டும் போதாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? அவசரத்துக்குப் பணம் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். நல்லவன் இல்லாத இடத்தில் கந்து வட்டிக்காரன்தான் நிற்பான்.

சாலையோர வியாபாரிகளுக்கு ஈடு இல்லாமல் வங்கிக் கடன் தரும் மத்திய அரசுத் திட்டம் 2020 ஜூனில் தொடங்கியது. முதல் கடன் பத்தாயிரம் என்று இருந்தது, 2025-இல் பதினைந்தாயிரமாக உயர்த்தப்பட்டது. நமது தோழர்களில் எத்தனை பேர் ஒரு வியாபாரியைக் கைப்பிடித்து வங்கி வாசலுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள்? இதை நம்மையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வைப்பு நிதியைத் தொடாதே!

ஆலையிலும் பணிமனையிலும் இருக்கும் தோழர்களுக்கு ஒரு சொல். 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக வருவது தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி. தொடக்கத்தில் அதற்கு 3 விழுக்காடு வட்டிதான். 2023-24-க்கும் 2024-25-க்கும் 8.25 விழுக்காடு. வட்டியை ஆண்டுதோறும் முதலோடு சேர்க்கிறார்கள். ஆகவே அது கூட்டு வட்டி.

இருபத்தெட்டு வயதில் வேலை மாறும்போது கணக்கிலுள்ள ஐம்பதாயிரத்தை எடுத்துக் காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் செலவழித்துவிடுகிறோம். எடுக்காமல் புதிய வேலைக்கு மாற்றியிருந்தால், 8 வட்டி நீடிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஐம்பத்தெட்டாவது வயதில் அது ஐந்து லட்சம். பந்தியில் பரிமாறியது ஐம்பதாயிரத்தை அல்ல, ஐந்து லட்சத்தை!

இங்கேயும் உண்மையை மறைக்க மாட்டோம். விலைவாசி சும்மா இருக்காது. ஆண்டுக்கு 5 விழுக்காடு விலை ஏறினால், அந்த ஐந்து லட்சத்தின் வாங்கும் சக்தி இன்றைய ஒரு லட்சத்துப் பதினாறாயிரம்தான். ஐம்பதாயிரம் பத்து மடங்கு ஆகவில்லை, இரு மடங்குக்குச் சற்று மேல் ஆயிற்று. கோடீசுவரன் ஆக்கும் மந்திரம் அல்ல இது. ஆனால் முதுமையில் பிள்ளையிடம் கையேந்தாமல் இருக்க அந்த இரு மடங்கு போதுமான துணை.

வட்டி ஆசை முதலுக்குக் கேடு

கடைசியாக ஓர் எச்சரிக்கை. மாதம் 25, 30 விழுக்காடு வட்டி தருவதாகச் சொல்லி வைப்புத் தொகை வாங்கியதாக ஆருத்ரா நிறுவனத்தின் மீது 2022-இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிவு செய்தது. பணம் போட்டவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். அவர்கள் நம் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தால்? மாதம் 25 விழுக்காடு, கூட்டு வட்டியில், ஒரு லட்சத்தை ஓர் ஆண்டில் பதினாலரை லட்சமாக்கும்; இரண்டு ஆண்டில் இரண்டு கோடிக்கு மேல்! எந்த ஆலையில், எந்த வயலில், எந்தக் கடையில் இந்த லாபம் விளைகிறது? விளையாது. பின்னால் வருகிறவன் பணத்தைத்தான் முன்னால் வந்தவனுக்குக் கொடுக்க முடியும். 72-ஐ வகுக்கத் தெரிந்தவனை எவனும் ஏமாற்ற முடியாது.

ஆகவே கேள்வி கேட்ட விழுப்புரத்துத் தோழருக்கு நம் பதில் இது: கூலிக்காகப் போராடுவதை ஒருநாளும் விடாதீர்கள். சேமிப்பு கூலிக்கு ஈடாகாது. ஆனால் போராடிப் பெற்ற கூலியைப் பின்வாசல் வழியாக வட்டி கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டும் இராதீர்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சங்கம் உள்ள இடத்திலெல்லாம் ஒரு சிக்கன நாணயச் சங்கம் அமையட்டும். ஒவ்வொரு கிளையிலும் கணக்குத் தெரிந்த ஒரு தோழர், மாலையில் ஒரு மணி நேரம், தண்டல் சீட்டைக் கொண்டு வருகிறவர்களுக்கு உண்மை வட்டி எவ்வளவு என்று போட்டுக் காட்டட்டும்.

இத்தனை நாள் நாம் வட்டிக்கு உழைத்தோம். இனி வட்டி நமக்கு உழைக்கட்டும்!