டால்பின் பார்க்கவா, கணக்கெடுக்கவா?

லங்காவி டால்பின் கணக்கெடுப்புக்கு ஆள் வேணும்னு சொன்னதும் நம்ம கோயில் பிள்ளைகள் நிறைய பேர் கை தூக்கினாங்க. சந்தோஷம். ஆனா அன்னதானத்தில் பரிமாற வர்ற கூட்டம் பாத்திரம் கழுவ வராதே!

போன தடவை நாங்க போனோம். குறித்த பாதையில் படகு மெதுவாகப் போகும். வெயிலில் மணிக்கணக்கா வெறும் தண்ணியைப் பார்க்கணும். டால்பின் வந்தா முதுகுத் துடுப்பைத்தான் படம் எடுக்கணும். அதிலுள்ள வெட்டு, தழும்பை வைத்தே ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள். செல்ஃபிக்கு அங்கே வேலையில்லை.

அன்னிக்கு ஒண்ணுகூட வரல. கூட வந்த தம்பி, "வீணாப் போச்சு அண்ணே" என்றான். எங்களுக்கு அப்படித் தோணல. தேடியும் காணவில்லை என்று எழுதினால்தானே எங்கே குறையுதுன்னு தெரியும்?

அடுத்த பயணத்துக்கும் பெயர் கொடுத்தாச்சு. பாத்திரம் கழுவுற கோஷ்டிக்கு இன்னும் இடம் இருக்கு.