புள்ளியைத் தள்ளும் பூட்டு



சாத்தான்குளத்துப் பிள்ளையொருவன் தன் ஊர்ப்பெயரைக் கணிப்பொறிப் படிவத்தில் தமிழில் அடித்தால் நேர்வது என்ன? எழுத்துப்பிழை இராது, கட்டங்கள் அனைத்தும் நிரம்பியிருக்கும். ஆயினும் எத்தனையோ படிவங்களில், அடியிலுள்ள 'அனுப்புக' என்னும் குமிழ் மங்கியே கிடக்கும், அழுத்தினால் அசையாது. பொத்தான் என்பது போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொல். நமக்குக் குமிழ் போதும். அவன் செய்த குற்றம்தான் யாது? தமிழில் எழுதியதே குற்றம்!

படிவம் நிரம்பும்வரை குமிழைப் பூட்டிவைப்பது நிரலர் கையாளும் நன்முறையே. வெற்றுப் படிவமும் அரைகுறைப் படிவமும் போய்ச் சேராமல் அது காக்கின்றது. அதனை நாம் பழிக்கவில்லை. அப்பூட்டுக்கு ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை மட்டுமே திறவுகோலாக்கிய அடிமை உளப்பாங்கையே பழிக்கின்றோம்.

வேறு சிலர், 'இஃது எழுத்தா?' என வினவும் ஆணையைக் கையாளுகின்றனர். சாவா, சி சார்ப்பு ஆகிய நிரல்மொழிகளில் அவ்வாணை உண்டு. 1991இல் வெளிவந்த ஒருங்குறியிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆயின் உயிரும் ஆய்தமும் அகரமேறிய மெய்யுமே அங்கு 'எழுத்து'. புள்ளியும் காலும் கொம்பும் வெறுங் 'குறி'கள். 'தமிழ்' என்னும் 3 எழுத்துச் சொல் 5 துண்டுகளாகி, அவற்றுள் 2 எழுத்தல்ல என்று தள்ளப்படுகின்றன. 'சாத்தான்குளம்' என்பதன் 7 எழுத்துகள் 13 துண்டுகளாகி, 6 தள்ளுண்கின்றன. தமிழ் என்னும் பெயரே தேறாத தேர்வு தமிழ்நாட்டில் ஒரு தேர்வாகுமா? மெய் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியர் வகுத்த மொழிக்கு, புள்ளியை மறுக்கும் ஆணை எதற்கு?

இன்னொரு பூட்டு, 'குடும்பப்பெயர்' என்னும் கட்டாயக் கட்டம். நமக்குத் தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னொட்டு. அதனையும் தமிழிலேயே எழுதுக எனத் தமிழ்நாட்டரசு 2021இல் ஆணையிட்டது. படிவமோ குடும்பப்பெயர் கேட்டு அடம்பிடிக்கின்றது. குமிழ் திறக்கவேண்டித் தந்தை பெயரையே அங்கு இடுகின்றோம். பின்னர்ச் சான்றிதழில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் வேறு பெயர் என்று அலைகின்றோம்!

'கணிப்பொறிக்கு ஆங்கிலமே இயல்பு' என்பர் சிலர். பொய்! அது சுழியும் ஒன்றுமே அறியும். குறை பொறியில் இல்லை, நிரலில் இருக்கின்றது. திருத்தமும் எளிது. எழுத்தை ஏற்கும் நெறியில் குறியையும் முதலெழுத்துக்குப் பின் வரும் புள்ளியையும் இடைவெளியையும் சேர்க்க. நீளத்தைத் துண்டால் அளக்காமல் தமிழெழுத்தால் அளக்க. விசை தட்டலை நோக்காமல் கட்டத்தில் நிற்கும் சொல்லை நோக்குக. குடும்பப்பெயரைக் கட்டாயமாக்காதிருக்க. குமிழ் மங்கியிருப்பின், கரணியத்தைத் தமிழில் அருகே காட்டுக.

இதே தென்பாண்டி மண்ணில், இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், தமிழ் தனித்தியங்க வல்லது என 1856இலேயே உலகுக்குரைத்தார். அயல்நாட்டார் கண்ட உண்மை நம் நிரலர்க்குப் புலப்படவில்லையா?

தமிழ் நிரலரே, நும் பூட்டுகளை இன்றே ஆய்க! தமிழரே, தமிழை மறுக்கும் படிவத்தில் பெயரை ஆங்கிலமாக்கிப் பணியாதீர். மறுத்தவர்க்கு எழுத்தால் முறையிடுக! நம் பெயரை நம் எழுத்தில் எழுதுவது இரவலன்று, உரிமை!