காற்றடித்து மாட்டிய ஃபில்டர்

பல்லடம் பக்கம் காரணம்பேட்டை கிரஷர் சாலைகளில் ஒரு நாள் முழுக்க ஓடிவிட்டு வரும் பிக்கப் வண்டி என்ன நிறம் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. வெள்ளை வண்டியும் சாம்பலாகத்தான் இருக்கும், நீல வண்டியும் அப்படித்தான். கண்ணாடியில் படிந்த தூளை டிரைவர் துணியால் துடைத்துவிடுவார். அதே தூள் ஏர் ஃபில்டரின் மடிப்புகளுக்குள் அப்பிக் கிடக்குமே, அதற்கு அவரிடம் உள்ள வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்தி, கம்ப்ரஸர் ஹோஸை வாங்கி, புஸ்ஸென்று காற்றடித்து, தட்டித் திரும்ப மாட்டிவிடுவது. செலவு ஒரு டீக்காசு.

கடனில் வாங்கிய வண்டியை இதைவிட வேகமாக அழிக்க வேறு வழி இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரிய, குறைந்தது 12 கிலோ காற்று வேண்டும். அளவில் சொன்னால் ஏறக்குறைய 10,000 லிட்டர். டீசல் இன்ஜின் நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகவே இழுக்கும். 40 லிட்டர் டீசல் தீரும்போது நாலு லட்சம் லிட்டருக்கு மேல் காற்று அந்த ஃபில்டர் வழியாகப் போயிருக்கும். கிரஷர் ரோடு, செங்கல் சூளை, எம்-சாண்ட் யார்டு என்று ஓடும் வண்டிக்கு அந்தக் காற்றோடு கல்தூளும் வருகிறது. கல்தூளில் உள்ள குவார்ட்ஸ், இன்ஜின் லைனரின் இரும்பைவிடக் கடினமானது. அது உள்ளே போய் ஆயிலோடு கலந்தால் லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்க்கும் பசையாகிவிடும். முதலில் ஆயில் குறையத் தொடங்கும். பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை தள்ளும். அதற்கப்புறம் இன்ஜினை இறக்க வேண்டியதுதான்.

காற்றடிப்பதில் என்ன தப்பு? ஏர் ஃபில்டர் என்பது மடித்து வைத்த காகிதம். பஞ்சர் கடை ஹோஸில் வரும் அழுத்தத்தில் அந்தக் காகிதத்தின் இழைகள் விலகும், மடிப்பின் ஓரத்தில் ஊசித்துளை விழும். வெயிலில் பிடித்துப் பார்த்தாலும் பாதி நேரம் தெரியாது. இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. “காத்து அடிச்சதுக்கப்புறம் புல்லிங் சூப்பரா இருக்குண்ணே” என்று டிரைவர் சொல்வது பொய்யில்லை. அடைப்பு குறைந்தால் புல்லிங் கூடும், துளை விழுந்தாலும் கூடும். எதனால் கூடியது என்று ஸ்டியரிங் பிடித்தவருக்குத் தெரிய வழியில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃபில்டர் புத்தம் புதிதாக இருக்கும்போதைவிட, மேலே மெல்லிய தூசிப் படலம் பிடித்த பிறகுதான் நுண்ணிய தூளை நன்றாகத் தடுக்கும். அக்கறை என்ற பெயரில் வாராவாரம் பெட்டியைத் திறந்து குடைவதும் கெடுதல்தான். திறக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தூசி சுத்தமான பக்கம் விழ வாய்ப்புண்டு. தூசிச் சாலைக்கு எனக் கம்பெனிப் புத்தகத்தில் தனியாகக் குறுகிய இடைவெளி போட்டிருப்பார்கள். அந்தக் கிலோமீட்டரில் புதிதாக மாற்றிவிட்டு, இடையில் கையை வைக்காமல் இருப்பதே உத்தமம்.

டீசல் ஃபில்டரின் கதை இதைவிடச் சிக்கலானது. அதற்குக் காரணம் பழைய வண்டிகளின் பெருந்தன்மை. 2005-இல் டாடா ஏஸ் வந்தது. ஊர் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தது. இரண்டு சிலிண்டர், 702 சிசி, மெக்கானிக்கல் பம்ப். கொஞ்சம் அழுக்கு டீசல், கொஞ்சம் தண்ணீர், எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு ஓடியது. அந்த வண்டியில் தொழில் கற்ற மெக்கானிக்குகளும் டிரைவர்களும்தான் இன்று, எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில் இருந்து டீசல் தரும் காமன் ரயில் வண்டிகளைப் பார்க்கிறார்கள். 2011-இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் காமன் ரயில். பிறகு வந்த பொலேரோ பிக்கப்கள் பலவும் அப்படித்தான். வண்டி மாறிவிட்டது, கைப்பழக்கம் மாறவில்லை.

காமன் ரயில் குழாயில் டீசல் 1,600 பார் அளவு அழுத்தத்தில் நிற்கிறது. பஞ்சர் கடை மீட்டரில் சொன்னால் 23,000 பவுண்டுக்கு மேல். பிக்கப்பின் டயருக்கு நாம் வைப்பது ஐம்பது, அறுபது பவுண்டு. இந்த அழுத்தத்தைத் தாங்க இன்ஜெக்டருக்குள் பாகங்களுக்கு இடையே விட்டிருக்கும் இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால், கண்ணுக்கே தெரியாத தூசி என்ன செய்யும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

தூசியைவிட மோசமானது தண்ணீர். ராத்திரி முழுக்கப் பாதி காலியான டேங்கோடு நிற்கும் வண்டியில், காற்றிலுள்ள ஈரம் டேங்கின் உள்சுவரில் வேர்த்து டீசலோடு சேரும். மழைக்காலத்தில் சரியாக மூடாத பேரலில் இருந்து ஊற்றினால் கேட்கவே வேண்டாம். ஃபில்டரின் அடியில் அந்தத் தண்ணீர் தங்குவதற்கென்றே இடம் விட்டு, திறந்து வடிக்க ஒரு திருகும் வைத்திருக்கிறார்கள். பல வண்டிகளில் தண்ணீர் நிறைந்தால் டேஷ்போர்டில் விளக்கும் எரியும். “லைட்டு எரியுது, ஆனா வண்டி ஓடுதே” என்று லோடு இறக்கும் வரை ஓட்டுகிறார்கள். பிறகு அடுத்த லோடு வந்துவிடுகிறது. அந்த அழுத்தத்தில் இன்ஜெக்டருக்குள் போகும் தண்ணீர் மசகையும் கெடுக்கும், துருவையும் பிடிக்க வைக்கும்.

சரி, டீசல் ஃபில்டரை மாற்றுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எப்படி மாற்றுகிறார்கள்? புது ஃபில்டரை எடுத்து, ஏர் லாக் ஆகாமல் இருக்கட்டும் என்று கேனில் இருந்து டீசலை அதன் நடு ஓட்டையில் விளிம்பு வரை ஊற்றி மாட்டுவது பட்டறைகளில் சாதாரணம். பெரும்பாலான ஸ்பின்-ஆன் ஃபில்டர்களில் அந்த நடு ஓட்டை, வடிகட்டிய டீசல் வெளியேறும் வழி. அதில் ஊற்றிய கேன் டீசல், கேனின் அடி அழுக்கோடு, வடிகட்டப்படாமலே நேராகப் பம்ப்புக்குப் போகிறது. ஃபில்டர் மாற்றிய மறுவாரமே இன்ஜெக்டர் போன கதைகளில் சிலவற்றுக்கு இது காரணமாக இருக்கலாம். ஹேண்ட் பிரைமரை நாலு நிமிடம் பொறுமையாக அமுக்கினால் தீர்ந்தது வேலை. சில வண்டிகளில் சாவியை ஆனில் வைத்தாலே மின்பம்ப் அந்த வேலையைச் செய்துவிடும்.

நாசில் நட்டைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடித்துக் காற்றை வெளியேற்றுவது இன்னொரு பழைய வித்தை. மெக்கானிக்கல் பம்ப்பில் அது சரி. காமன் ரயிலில் இன்ஜின் ஓடும்போது நட்டைத் தொட்டால், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துக் கைக்குள் இறங்கிவிடும். சின்னப் புள்ளிபோலத்தான் காயம் தெரியும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். பட்டறையில் கூடமாட நிற்கும் பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஃபில்டர் மாற்றுவது ஏன் தள்ளிப்போகிறது? டிரைவரின் சோம்பல் என்று முதலாளிகள் சொல்வார்கள். அது நியாயமில்லை. வண்டி இழுக்கவில்லை, கரும்புகை தள்ளுகிறது, காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது என்பதெல்லாம் முதலில் தெரிவது டிரைவருக்குத்தான். ஆனால் காசு முதலாளியின் பையில் இருக்கிறது. ஃபில்டர் மாற்ற ஆயிரம் ரூபாய் கேட்டால், “போன மாசம்தானே ஏதோ மாத்தினே” என்ற கேள்வி வரும். அதைக் கேட்டுக்கொள்வதைவிடப் பஞ்சர் கடை ஹோஸ் மேல் என்று டிரைவர் போய்விடுகிறார். வண்டிக்காரரே டிரைவராக இருக்கும் இடத்தில் மாதத் தவணை முந்திக்கொள்கிறது. தவணை தவறினால் ஃபைனான்ஸ்காரர் வீட்டுக்கே வருவார். ஃபில்டர் யாரையும் அனுப்பாது.

மிச்சம் பிடித்த அந்த ஆயிரம் ரூபாய், நாலு இன்ஜெக்டர் கொண்ட பிக்கப்பில் பல்லாயிரமாகத் திரும்பி வரும். போதாததற்கு, இன்ஜெக்டரைக் கழற்றிப் பம்ப் லேபில் கொடுத்துவிட்டு வண்டி நிற்கும் நாட்களின் வாடகை நஷ்டம் வேறு.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்த பிறகு அலட்சியத்துக்கு இடம் இன்னும் சுருங்கிவிட்டது. பிஎஸ்-4 காலத்தில் 50 பிபிஎம் இருந்த டீசலின் கந்தகம் 10 ஆகக் குறைந்தது. புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப், சைலன்சர் வழியில் வந்து உட்கார்ந்தது. காற்று சரியாகப் போகாத இன்ஜின் கரியைக் கூடுதலாகக் கக்கும், டிபிஎஃப் சீக்கிரம் அடையும். அதை மாற்றும் செலவைக் கேட்டவர்கள் ஏர் ஃபில்டர் விலையைப் பற்றி மறுபடி பேசுவதில்லை.

முதலாளிகளிடம் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. டீசலுக்கும் டோலுக்கும் பேட்டாவுக்கும் ஒதுக்குவதுபோல ஃபில்டருக்கும் ஒரு தொகையை ஒதுக்கி, கேள்வி கேட்காமல் மாற்றும் உரிமையை டிரைவரிடம் கொடுங்கள். நம்பிக்கை இல்லையென்றால் கழற்றிய பழைய ஃபில்டரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். புதியதன் மேல் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் பெயின்ட் மார்க்கரால் எழுதி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பில் இல்லாமல் பாதி விலைக்குக் கிடைக்கும் டூப்ளிகேட் வேண்டவே வேண்டாம். அடுத்த முறை வண்டி பட்டறைக்குப் போகும்போது ஒருமுறை கூடவே போய், புது டீசல் ஃபில்டரில் யாராவது கேனைச் சாய்த்தால் தடுத்து நிறுத்துங்கள்.